பற்றுதலும் விடுதலும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் உறுப்பொன்றைக் குறித்து எழுதப் புகுதல் நம் நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ‘இலக்கணமும் இலக்கியமும் இருக்க, எண்ணெய்ப் பிசுக்கில் இவனுக்கு என்ன வேலை?’ என்று அவர் வினவுவர். அவர்க்கு யான் கூறும் விடை ஒன்றே. சென்ற கோடை விடுமுறையில் யான் செய்த பிழையொன்றின் அளவு, இவ்வுறுப்பைத் தெரிந்தெடுக்க முயன்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. அதனைச் சொல்லப் புகுந்தால் இதனையும் சொல்லியே ஆதல் வேண்டும்.

என் தாயின் தமையனார் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த ஊரொன்றில் பல்லாண்டுகளாகப் பொறியாளராய்ப் பணியாற்றி வருகின்றார். கோடையில் ஏழு வாரம் அவர் இல்லத்தில் தங்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வண்டி நின்றது. 1966-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பாண்டியாக் ஜி.டி.ஓ. என்பது அது. பாண்டியாக் என்ற பெயரைக் கேட்டவுடன் என் நினைவு பாண்டியரிடம் சென்றதை அறிந்து மாமா வாய்விட்டுச் சிரித்தார். அது 1763-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் புரிந்த ஒடாவா என்னும் தொல்குடித் தலைவனின் பெயராம். அவன் பெயரை ஓர் ஊர் பெற்றது. ஊரின் பெயரை வண்டி பெற்றது. அப்பெயரில் வண்டி செய்தல் 2010-இல் நின்றுபோயிற்று.

நடுத்தர அளவுள்ள வண்டியில் பெரிய வண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்கும் வழக்கம் 1964-இல் இவ்வண்டியால் பரவிற்று என்பர். ‘மசில் கார்’ என்று அந்நாட்டார் வழங்குவது இவ்வகையையே. 1966-இல் மட்டும் 96,946 ஜி.டி.ஓ. வண்டிகள் விற்பனையாயின. மாமாவின் வண்டியில் இருப்பது 389 கன அங்குல எஞ்சின். அதன் ஆற்றல் 335 குதிரைத்திறன் என்றும், முறுக்கு விசை 431 அடி-பவுண்டு என்றும் அக்காலத்து ஏடுகள் கூறும். விசிறி முதலிய துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்த அளவு அது. ஆதலின் சாலையில் உண்மையாகக் கிடைப்பது சற்றுக் குறைவே.

இனிக் கிளட்சு என்னும் உறுப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். எஞ்சின் ஓயாது சுழல்வது. சக்கரங்களோ ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் உள்ளது. அதனோடு பிணைந்து பிரஷர் பிளேட் என்னும் அழுத்துத் தட்டும் சுழல்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த மெல்லிய கிளட்சுப் பிளேட் கியர்ப் பெட்டியின் தண்டிலே கோக்கப்பட்டிருக்கின்றது. வில்லின் விசையால் அழுத்துத் தட்டு அதனைப் பிளைவீலோடு நெருக்க, மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். இடக்காலால் மிதியை அழுத்த, நெருக்கம் நீங்கும். பிளேட் தனித்து நிற்கும்.

இரண்டு உயிர்கள் நேரே புணராவிடத்து யகரமும் வகரமும் இடையே தோன்றி அவற்றை உடம்படுத்தும் என்று நாம் படித்திருக்கின்றோம். “மாமா, இந்தப் பிளேட்டும் ஓர் உடம்படுமெய்தான்” என்றேன். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, “சரிதான், தம்பி. ஆனால் உங்கள் உடம்படுமெய் தேய்வதில்லை, இது தேயும்” என்றார். அவ்விடையின் பொருள் எனக்கு அப்பொழுது முழுதும் விளங்கவில்லை.

யான் வண்டியோட்டப் பழகியது என் தந்தையாரின் பழைய ஜீப்பில். அதன் முதற்கியர் மிகத் தாழ்ந்தது. கிளட்சை முழுதும் விட்டுவிட்டாலும் வண்டி மாட்டு வண்டிபோல் ஊர்ந்து செல்லும். மாமாவின் வண்டியில் முதற்கியர் விகிதம் 2.52; பின்னச்சின் விகிதம் 3.55. இரண்டையும் பெருக்கினால் ஒன்பதிற்குச் சற்றுக் குறைவு. அஃதாவது, நின்ற நிலையினின்று புறப்படும்போது கிளட்சு நெடுநேரம் உராய்ந்தே வண்டியை எழுப்புதல் வேண்டும். இந்த வேற்றுமையை மாமா முதல் நாளே எடுத்துரைத்தார். யானோ, ‘நம் ஊர் நெரிசலில் ஓட்டியவனுக்கு இவ்வகன்ற சாலைகள் எம்மாத்திரம்?’ என்று உள்ளத்துள் இறுமாந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு கல் தொலைவிலுள்ள நிலையத்திற்குச் சென்று பெட்ரோல் இட்டு வருமாறு மாமா திறவுகோலைத் தந்தார். யான் பெட்ரோல் இட்டேன், வீட்டிற்குத் திரும்பவில்லை. உட்வர்டு பெருஞ்சாலையை நோக்கி வண்டியைத் திருப்பினேன். டெட்ராய்ட்டின் ஆற்றங்கரையினின்று பாண்டியாக் நகர் வரை செல்லும் சாலை அது. 1909-இல் அச்சாலையின் ஒரு மைல் தொலைவிற்குக் கான்கிரீட்டு இட்டனர். அந்நாட்டின் சாலை வரலாற்றில் அது பேசப்படும் செய்தி. 1960-களில் இளைஞர் இரவுதோறும் தம் வண்டிகளின் விரைவை ஒப்பிட்டுப் பார்த்ததும் அங்கேதான். 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில் பழைய வண்டிகளின் பெரும் ஊர்வலம் அங்கு நடைபெறுகின்றது. ஊர்வலம் இல்லாத கோடை மாலைகளிலும் பழைய வண்டிகள் பல அங்கே உலவும்.

சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது அருகே மற்றொரு பழைய வண்டி வந்து நின்றது. அதிலிருந்த இளைஞர் எஞ்சினை உறுமவிட்டு என்னை நோக்கிப் புன்னகை செய்தனர். எஞ்சின் அணைந்துவிட்டால் நகைப்பரே என்னும் அச்சம் ஒருபுறம், அவரை முந்தவேண்டும் என்னும் வேட்கை ஒருபுறம். எஞ்சினை நிமிடத்திற்கு நாலாயிரம் சுற்றுவரை ஏற்றி, மிதியை மிகமிக மெல்ல விடுத்தேன். முழுதும் பற்றாமலும் முழுதும் விடாமலும் அந்தப் பிளேட் பிளைவீலின்மீது உராய்ந்தது. அடுத்த விளக்கிலும் அவ்வாறே செய்தேன், அதற்கடுத்ததிலும் செய்தேன். மூன்றாவது முறை தீய்ந்த நாற்றம் ஒன்று எழுந்தது. அதனை ஒருமுறை நுகர்ந்தவர் மறத்தல் அரிது. அருகிலிருந்த வண்டி சென்றுவிட்டது. யான் நடுங்கிய காலோடு வீடு திரும்பினேன். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று மாமா கேட்டார். “வழி தவறிவிட்டேன்” என்றேன். ஒருவகையில் அஃது உண்மையே; ஆயின் யான் உண்மை சொல்லும் கருத்தோடு அதனைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாமா என்னை அருகிலிருத்தி ஓட்டிச் சென்றபோது, நாலாவது கியரில் எஞ்சினின் ஓசை உயர்ந்தது. வண்டியின் விரைவு உயரவில்லை. கிளட்சு வழுக்குகின்றது என்று அவர் உடனே அறிந்தார். “குளிர்காலத்தில் காம்ஷாப்டையும் புகைக்குழாயையும் மாற்றினேன் அல்லவா? எஞ்சினின் வலி கூடிவிட்டது; பழைய கிளட்சால் தாங்க முடியவில்லை” என்றார். யான் வாய் திறவாதிருந்தேன்.

அடுத்த வாரம் கியர்ப் பெட்டியை இறக்கினோம். பழைய பிளேட்டுகளில் கல்நார் இருத்தல் கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது. ஆதலின் காற்றடித்துத் தூற்றாமல், முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். பிளேட் கண்ணாடிபோல் பளபளத்திருந்தது. பிளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகளும், மயிரிழை போன்ற வெடிப்புகளும் காணப்பட்டன. மாமா அவற்றை விரலால் தடவிப் பார்த்து, “நான் நினைத்தது சரி, வழுக்கி வழுக்கிச் சூடேறியிருக்கிறது” என்றார். அந்த இரும்பு சூட்டைச் சொல்லிற்று. சூட்டின் காரணத்தைச் சொல்லவில்லை. வலிமை போதாமல் வழுக்கினாலும், ஓட்டுபவன் அறியாமையால் வழுக்கினாலும், எஞ்சும் வடு ஒன்றே. காரணத்தைச் சொல்லத்தக்கவன் யான் ஒருவனே.

அன்றிரவு மாமா உணவு மேசையின்மேல் தாளொன்றை விரித்துப் புதிய கிளட்சைத் தெரிந்தெடுக்கும் கணக்கைத் தொடங்கினார். கிளட்சு ஒன்று தாங்கும் முறுக்கு விசையை அறிய நான்கு எண்கள் போதும் என்று எனக்குக் கற்பித்தார்: உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வு எண், அழுத்தும் விசை, பிளேட்டின் நடு ஆரம். இவற்றைப் பெருக்கினால் விடை கிட்டும். 10.4 அங்குலம் வெளிவிட்டமும் 6.5 அங்குலம் உள்விட்டமும் உடைய பிளேட்டின் நடு ஆரம் 4.225 அங்குலம், அடிக்கணக்கில் 0.352. முகங்கள் 2, சாதாரண உராய்வுப் பொருளின் எண் 0.28 என்று கொள்க. அழுத்தும் விசை 2,400 பவுண்டு. பெருக்க வருவது 473 அடி-பவுண்டு. இப்பொழுது எஞ்சினின் முறுக்கு 450 அளவிற்கு உயர்ந்திருக்கும் என்பது அவர் மதிப்பு. தாளிற் பார்த்தால் பழைய கிளட்சு தாங்கவேண்டும். ஆயினும் அது தாங்கவில்லை என்று அவர் நம்பினார். ‘ஆகவே கணக்கிற்கு எட்டாத ஏதோ ஒன்று இருக்கிறது, மிக வலியதையே வாங்கவேண்டும்’ என்ற முடிவை நோக்கி அவர் சென்றார்.

மிக வலியது என்பது யாது? உராய்வுப் பொருளில் பல வகை உண்டு. பிசினும் இழையும் கலந்து செய்த சாதாரண வகை மென்மையாகப் பற்றும். கெவ்லார் இழையால் ஆனது நெடுநாள் உழைக்கும். ஆயின் பொறுமையோடு பழக்கப்படுத்தாவிடின் முகம் மெருகேறிக் கெடும். செராமிக் கட்டிகள் பதித்த வகையில் உராய்வு எண் மிகுதி. அழுத்தும் விசையும் 2,600 ஆயின் தாங்கும் அளவு 730-ஐ எட்டும். ஆயின் அது திடீரெனப் பற்றும். நெரிசலில் வண்டி குலுங்கிக் குலுங்கிச் செல்லும். அழுத்துத் தட்டிலும் மூவகை உண்டு. கூம்பிய தட்டுவில்லால் ஆன டயாபிரம் வகையில், மிதி பாதிக்குமேல் சென்றபின் இலேசாகும். சுருள்விற்களும் மூன்று நெம்புகோல்களும் உடைய போர்க் அண்ட் பெக் வகையில் மிதி கனக்கும். லாங் என்னும் வகையில் நெம்புகோல்களில் எடைகள் உள்ளன. சுழற்சி மிகமிக அழுத்தமும் மிகும். அது பந்தயக்காரர் விரும்புவது. இரண்டு பிளேட்டுகள் உடைய வகையும் உண்டு. முகங்கள் நான்காதலின் குறைந்த அழுத்தத்திலேயே மிகுதியாகத் தாங்கும். ஆயின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். மிதியை அழுத்தி நிற்கும்போது கலகலவென ஓசையும் எழும்.

மாமா கனத்த விற்களையுடைய அழுத்துத் தட்டையும் செராமிக் பிளேட்டையும் குறித்து வைத்தார். குறித்தபின் மேசைக்கடியில் தம் இடமுழங்காலைத் தடவினார். அம்முழங்காலில் அவருக்கு நெடுநாள் வாதநோய் உண்டு. மாடிப்படி ஏறுகையில் கைப்பிடியைப் பற்றியே ஏறுவார். அதைக் கண்ட அத்தை, “இந்தக் காலோடு அந்த மிதியை எப்படி மிதிப்பீர்கள்?” என்றார்கள். “வாரத்தில் ஒரு நாள்தானே, இல்லையென்றால் விற்றுவிட வேண்டியதுதான்” என்றார் மாமா.

அச்சொல் என்னைச் சுட்டது. என் பொய் அதுவரை என்னளவில் நின்றதென்று எண்ணியிருந்தேன். இப்பொழுதோ அது ஒரு கணக்கினுள் புகுந்து, அவர் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்கவும், நோயுற்ற காலை வருத்தவும், தாம் பெரிதும் விரும்பும் வண்டியை ஒருநாள் இழக்கவும் காரணமாய் நின்றது. இரவெல்லாம் உறக்கமில்லை. விடியுமுன் கீழே இறங்கி வந்தேன். மாமா தேநீர்க் கோப்பையுடன் அத்தாளையே நோக்கியிருந்தார்.

“மாமா, கிளட்சைத் தீய்த்தது நான்தான்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “எங்கே?” என்றார்.

“உட்வர்டு சாலையில், மூன்று விளக்குகளில்.”

“எத்தனை சுற்றில் விட்டாய்?”

“நாலாயிரம்.”

“அதற்கு முன் என்றாவது வழுக்கியதா?”

“நான் ஓட்டிய நாட்களில் இல்லை, மாமா.”

அவர் கரிக்கோலை எடுத்துக் கனத்த விற்களின்மேல் ஒரு கோடு இழுத்தார். செராமிக் என்பதன்மேல் மற்றொரு கோடு இழுத்தார். “கிளட்சு போனது பெரிதில்லை, தம்பி. தேய்வதற்கென்றே செய்த பொருள் அது. ஆனால் இத்தனை நாளும் தவறான காரணத்தை நம்பிச் சரியான கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே!” என்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அதன்பின் கணக்கு மீண்டும் தொடங்கிற்று. பழைய கிளட்சு 450 அடி-பவுண்டை உண்மையாகவே தாங்கிவந்தது என்பது தெளிவாயிற்று. ஆயினும் மிகுதி ஐந்து விழுக்காட்டளவே. பிளேட் தேயத்தேய அதுவும் குறையும். ஆகவே அதே விட்டமும் அதே வகை உராய்வுப் பொருளும் உடைய பிளேட். அழுத்தும் விசை மட்டும் 2,600 பவுண்டுள்ள டயாபிரம் தட்டு. இது தாங்குவது 512 அடி-பவுண்டு. மிகுதி பதினான்கு விழுக்காட்டிற்கு அண்மை. “இதற்குமேல் ஏன் வேண்டாம் என்று தெரியுமா?” என்று மாமா கேட்டார். அவரே விடையும் கூறினார்: “ஓரளவுக்குமேல் விசை வந்தால் எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். கிளட்சு விட்டுக்கொடுக்காவிட்டால் அச்சு முறியும், இல்லையென்றால் கியர்ப் பல் உடையும்.” நடுவில் முறுக்கதிர்ச்சியைத் தாங்கும் சுருள்விற்களும், இரு முகங்களுக்கிடையே அலைபோன்ற மெல்விற்களும் உள்ள பிளேட்டையே கொண்டோம், மென்மையாகப் பற்றுதற்கு அவையே காரணம்.

வெடித்த பிளைவீலைக் கடைந்து மீண்டும் இடுதல் கூடாது. விரைந்து சுழலும்போது சிதறினால் ஓட்டுபவன் காலுக்கே இடர். அலுமினியப் பிளைவீல் இலேசானது. எஞ்சின் விரைந்து ஏறும். ஆயின் எங்கள் வண்டியின் உயர்ந்த முதற்கியருக்குப் புறப்படும்போது கனமே துணை. ஆகவே எஸ்.எப்.ஐ. நெறிப்படி ஆய்ந்து சான்றளிக்கப்பெற்ற கனத்த எஃகுப் பிளைவீலை வாங்கினோம். அதன் விலையில் ஒரு பகுதியையேனும் என் கைச்செலவுப் பணத்தினின்று பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினேன். மாமா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் யான் மேலும் வருந்தியிருப்பேன் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

பொருத்துகையில், கியர்ப் பெட்டியைத் தாங்கும் மணிவடிவக் கூட்டின் துளை எஞ்சினின் நடுவோடு ஒத்துள்ளதா என்று அளவுமானி கொண்டு சோதித்தோம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கிற்குமேல் பிறழ்தல் கூடாது. பிளேட்டைப் பழைய கியர்த்தண்டு ஒன்றால் நடுப்படுத்தி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்கினோம். மிதியில் ஓரங்குலம் வெறும் ஆட்டம் இருக்குமாறு கோலைத் திருத்தினோம். அந்த ஓரங்குலம் இல்லாவிடின் காலெடுத்தபின்னும் கிளட்சு முழுதும் பற்றாது.

எல்லாம் முடிந்தபின் மாமா திறவுகோலை என்னிடம் நீட்டினார். யான் வாங்கத் தயங்கினேன். “புதுப் பிளேட்டின் முகம் படிய ஐந்நூறு மைல் ஓடவேண்டும். நெடுஞ்சாலை உதவாது, நின்று நின்று புறப்படும் ஊர்ச் சாலைதான் வேண்டும். கடுமையாக ஏற்றக்கூடாது, வழுக்கவிடக்கூடாது. நீ ஓட்டு; நான் அருகில் இருக்கிறேன்” என்றார்.

எஞ்சிய நாட்களில் காலையும் மாலையும் ஊர்த்தெருக்களிற் சுற்றினோம். எஞ்சின் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியவுடன் மிதியை விட்டு, வண்டி பற்றியதும் காலை முழுதும் எடுத்துவிடுதலை அங்கேதான் கற்றேன். முதல் நாட்களில் எஞ்சின் பன்முறை அணைந்தது. பின்னின்றவர் ஊதுகுழல் ஒலித்தனர். மாமா சாளரத்தின் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யான் புறப்பட்ட நாளில் 320 மைல் நிறைவெய்தியிருந்தது. எஞ்சிய 180 மைலையும் தாம் ஓட்டி முடித்ததாகவும், மிதி இலேசாயிருத்தலின் முழங்கால் நோகவில்லை என்றும் மாமா எழுதியுள்ளார். மடலின் இறுதியில், அடுத்த கோடையில் வந்தால் பெட்ரோல் இட்டுவர யானே செல்லவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.